மரபணு நெல்: விதை யார் கையில்?

மன்னார்குடிக்குத் தெற்கே முத்துப்பேட்டைப் பக்கம் போனால் அலையாத்திக் காடு. உப்புத் தண்ணீரிலேயே வேர் விட்டு நிற்கும் மரங்கள்! அதே கடலோரத்துக் கடைமடை வயல்களிலோ உப்பேறி நெல் கருகுகிறது. அந்த மரத்தின் மரபணுவை நெல்லுக்குள் வைத்தால் என்ன? சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதைச் செய்தே பார்த்தது. அலையாத்தி மரபணு ஏற்றிய நெல் உப்பைக் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் விவசாயியின் வயலுக்கு அது வந்து சேரவில்லை.

மரபணுப் பயிர் எல்லாமே விஷம் என்பது வெறும் வதந்தி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். நீண்டகாலப் பாதுகாப்புச் சோதனை போதாது என்று பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்ததும் சரிதான். மகரந்தம் நாட்டுக் கத்தரியோடு கலந்துவிட்டால் திருப்பி எடுக்க வழி ஏது?

அதிகம் பேசப்படாத பயம் ஒன்று உண்டு. விலை! 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் 450 கிராம் விதைப் பாக்கெட் 1,600 ரூபாய்க்கும் மேலே விற்றது. ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகு, 2006-ல் 750 ரூபாய்க்கு இறங்கியது. அப்படியென்றால் அதுவரை விவசாயி கொடுத்தது எதற்கான விலை? அதுவும் வீரிய ஒட்டு விதை, வருஷா வருஷம் வாங்கியே ஆகவேண்டும்.

நெல் அப்படியில்லை. அறுத்ததில் எடுத்து வைத்தாலே அடுத்த போகத்துக்கு விதை. உப்பு தாங்கும் மரபணு நெல் வருவதானால் அரசு விதைப் பண்ணை வழியாக, எடுத்து வைக்கும் உரிமையோடு வரட்டும். அதுவரை உவர் நிலத்துக்குக் குழியடிச்சான் இருக்கிறது. மகசூல் குறைவுதான், ஆனால் விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.