நூற்றுக்கு இரண்டரை!

பரீட்சை என்றால் நூறு மார்க்தானே? மாநிலங்களுக்கும் அப்படித்தான். மத்திய வரியில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க 15-வது நிதிக்குழு 2021-26-க்கு ஒரு மார்க் ஷீட் போட்டது. ஏழை மாநிலமா? அதற்கு 45. மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15. ஒழுங்காக வரி வசூலிக்கும் முயற்சிக்கு? வெறும் இரண்டரை!

உத்தரப்பிரதேசத்துக்கு 17.939 சதவிகிதம், நமக்கு 4.079. கொதிப்பதில் நியாயம் உண்டு. பீகாரில் ஒரு பள்ளிக்கூடம் எழும்ப நம் காசு போவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால், வசூலித்தாலும் வசூலிக்காவிட்டாலும் கிட்டத்தட்ட அதே பணம் வரும் என்றால், எந்த அதிகாரி வெயிலில் இறங்கி வரி பாக்கி கேட்பார்? சொல்லுங்கள்!

சரி, டெல்லியைத் திட்டியாச்சு. நம்ம வீட்டு லட்சணத்தையும் பார்த்துடலாமா?

சென்னையில் 1998-ல் திருத்திய சொத்து வரியை 2018-ல் ஏற்றினார்கள். எதிர்ப்பு வந்ததும் மறு வருஷமே நிறுத்திவைத்தார்கள். 2022-ல்தான் உயர்ந்தது. அதுவும் தானாக வந்த ஞானோதயமா? குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று அதே நிதிக்குழு காதைத் திருகிய பிறகு! இருபத்து நாலு வருஷம் ஓட்டுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், 'மேலே' இருந்து பணம் வரும் என்ற தைரியத்தில்தானே இருந்தார்கள்?

அந்த மேலிடத்துப் பணமும் நின்றது. 2016-ல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தவில்லை. நகரங்களில் 2022 வரை தனி அலுவலர் ராஜ்யம்தான். தேர்தல் இல்லையென்று மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டபோது பட்டினி கிடந்தது கோட்டையா? இல்லை சார், தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள்! பாடம் படித்தார்களா? 2025 ஜனவரியில் 28 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள்!

இன்னொரு கணக்கு. மத்திய வரியில் மாநிலங்களுக்கு 41 சதவிகிதம் என்றது 15-வது நிதிக்குழு. அது போதாது என்று முழங்கும் கோட்டை, தன் சொந்த வரியில் உள்ளாட்சிகளுக்குப் பகிர்வது 10 சதவிகிதம். டெல்லியிடம் உரிமை, ஊராட்சித் தலைவரிடம் பிச்சையா?

நீங்களும் சும்மா இருக்காதீர்கள். ஏரியா சபைக்கு 2022-லேயே விதிமுறை வந்தாச்சு. வரி ரசீதோடு போய்க் கேளுங்கள்: எங்க வார்டில் வசூல் எவ்வளவு? எங்க வார்டுக்குச் செலவு எவ்வளவு?