கவியரங்கிற்குக் கத்தரிக்கோல் எதற்கு?

மாணவர் கவியரங்கு என்றால் எம்மவர்க்குப் பெருமை. அம்மாணவர் உண்மையாகவே ஏதேனும் சொல்லப் புகுந்தாலோ, அதே எம்மவர்க்கு நடுக்கம். இப்பெருமையும் இந்நடுக்கமும் ஒரே நெஞ்சில் எங்ஙனம் குடியிருக்கின்றன?

அண்மையில் வலிகாமத்துப் பாடசாலையொன்றின் உயர்தர வகுப்பு மாணவர் அறுவர், ஊரவர் முன்னிலையில் கவியரங்கொன்று நடாத்தினர். மண் என்பது பொருள். கமக்காரர் ஒருவரின் மகள் எழுதிய பகுதி, 1990இல் குடும்பம் விட்டு வெளியேறிய செம்மண் தோட்டத்தை, முட்கம்பிக்கு இப்பால் நின்று தகப்பனார் கைநீட்டிக் காட்டுவதைப் பற்றியது. துலா நின்ற இடம், வெங்காயம் நட்ட பாத்தி, வேலியோரத்துப் பூவரசு என ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போவது. பிரதியை நாம் பின்னர் கேட்டு வாங்கி வாசித்தோம். அதில் எவரையும் வையவில்லை; எவ்வினத்தையும் பழிக்கவில்லை. ஆயினும் ஒத்திகையில் அதனைக் கேட்ட விழாக் குழுப் பெரியவர்கள், “பிள்ளை, இது வேண்டாம், தமிழன்னையைப் பற்றி நாலு வரி பாடும்” என்றனர். பிள்ளையும் பாடினாள். கைதட்டலும் கிடைத்தது. கைதட்டியோருட் பலர் அக்கம்பிக்கு அப்பால் காணி உடையோர்!

குழுவினரைக் கோழைகள் என்று நாம் கூறமாட்டோம். அவர்கள் அச்சத்துக்குக் காரணமுண்டு. சிலாவத்துறையைச் சேர்ந்த இளங் கவிஞர் அஹ்னாப் ஜசீம், “நவரசம்” என்னும் தமிழ்க் கவிதை நூலின் பொருட்டு, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதத்திற் கைதானார். 2021 டிசம்பர் வரை அவருக்குப் பிணை கிடைக்கவில்லை. 2023 டிசம்பரிலேயே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வன்முறையைக் கண்டித்த பாடல்களுக்கே வன்முறையென்று பொருள் கொள்ளப்பட்டதாகத் தமிழறிந்தோர் பலர் அந்நாளில் எடுத்துக்காட்டினர். கவிதைக்குப் பிழையான உரை எழுதப்பட்டால், எழுதியவன் சிறையிலிருக்க நேரிடுகின்ற நாடு இது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதனை மறந்துவிட முடியுமா?

ஆனால் அவ்வழக்கிலிருந்து குழுவினர் பெற்ற பாடம் வேறு; நாம் பெறுவது வேறு. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் பிரசைக்கு வழங்குகின்றது. 15ஆம் உறுப்புரை அவற்றுக்கு வரம்பிடுகின்றது. அவ்வரம்பு சட்டத்தினால் இடப்படவேண்டியது. விழாக் குழுவின் ஊகத்தினால் அன்று. எவரும் தடைசெய்யாத ஒன்றை நாமே தடைசெய்துகொண்டால், வழக்காடுவதற்கு வழக்குக் கூட மிஞ்சாது.

இன்னொன்றும் உண்டு. 2013ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல்கள் வெளியிடப்பட்டபோது, காணிக்காரர் பெருந்தொகையாக நீதிமன்றம் சென்றனர். உறுதியின் இலக்கம், பரப்பு, நான்கெல்லை, கிணற்றுப் பங்கு யாவும் மனுக்களில் எழுதப்பட்டன. பின்னாளில் அக்காணிகளிற் பல கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டமையும் யாவரும் அறிந்ததே. தகப்பன் கையொப்பமிட்டு நீதிமன்றத்தில் பகிரங்கமாகக் கூறக்கூடியதை, மகள் விருத்தப்பாவிற் கூறினால் மட்டும் ஆபத்து வந்துவிடுமோ? இதற்கு அக்குழுவினரிடம் மறுமொழி இருக்குமாயின் கேட்க ஆவலாயுள்ளோம்.

கவிதை ஊரவர்க்கு விளங்காது என்று கூறுவாருமுளர். இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கின்றோம். விடிய விடியக் கூத்துப் பார்த்த செவிகள் அவை. மட்டக்களப்பிற் சூடடிக்கும் களத்திலே பொலிப்பாட்டுப் பாடிய உழவனுக்கு ஓசை நயத்தை எவர் கற்பிக்கவேண்டும்? மஹாகவி பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டு வந்ததும் இச்செவிகளை நம்பியே. கவியரங்கில் ஒரு வரி பிடித்துவிட்டால் “இன்னொருமுறை!” என்று சபை கேட்கும், பாடியவர் மீண்டும் பாடியே ஆகவேண்டும். அச்சிட்ட நூலுக்கு இப்பேறு இல்லை. பொருளற்ற வரியைச் சபை இருமலாலும் எழுந்து செல்வதாலும் தண்டித்துவிடும். கத்தரிக்கோலினும் இது நேர்மையான தணிக்கை.

1980களின் நடுப்பகுதியில், நிலைமை இன்றிலும் பன்மடங்கு கொடியதாயிருந்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஈழத்துக் கவிதைகள் பலவற்றைக் கோத்து, “எங்கள் மண்ணும் இந்த நாட்களும்” என்ற பெயரிற் கவிதா நிகழ்வாக மக்கள் முன் நிகழ்த்தினர். தம் நாட்களைத் தம் மொழியிற் கேட்க மக்கள் திரண்டனர். அன்றைய மாணவர்க்கு இயன்றது இன்றைய மாணவர்க்கு ஏன் இயலாது?

அவ்வறுவரும் மறுபடி அரங்கேற விரும்புவதாக அறிகின்றோம். பாடசாலை மண்டபம் வேண்டாம். ஊர் வாசிகசாலை முற்றம் போதும். பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். (சட்டத்தரணிகள் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கவே வேண்டாம், எங்கள் வர்க்கத்தை நாம் அறிவோம்.) தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வருவோர் கைகால் கழுவி வந்து சேரும் வேளையில் தொடங்கலாம். மருத்துவரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கமக்காரரோடு ஒரே பாயில் அமரட்டும். ஏதேனும் விசாரணை வருமாயின், பாடப்பட்டது என்ன, அதன் பொருள் என்ன என்பதைச் சாட்சி சொல்லத் தமிழறிந்த ஊரே இருக்கும். அஹ்னாபின் நூலுக்கு முதல்நாளில் அத்தகைய சபை வாய்க்கவில்லை.

இப்பகுதிச் சட்டத்தரணிகள் மூவர் அன்று முன்வரிசையில் அமர இசைந்துள்ளனர். கட்டணம் இல்லை. குழுவினரிடம் நாம் கேட்பது ஒன்றே: அம்மாணவியின் பழைய பிரதியை அவளிடம் திருப்பிக் கொடுங்கள், முதலாவதாக அவள் பாடட்டும்.