சக்கரம் நின்றால் போதுமா?

பண்பொழி திருமலைக் குமரன் கோவிலுக்கு மலைப்பாதையில் கார் போகும். சாரல் காலத்தில் மலைச் சாலை வழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் என்ன ஆகும்? சக்கரம் நின்றுவிடும், கார் நிற்காது! சறுக்கிக்கொண்டே போகும். ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது.

இதைத் தடுப்பதுதான் 'ஏ.பி.எஸ்.' பிரேக். சக்கரம் இறுகப் போவதை அறிந்து, நொடிக்குப் பல முறை பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்கும். புதிய கார்களில் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம்.

சொந்தமாகக் கார் கட்டும் இளைஞர்களுக்கும் இந்த ஆசை வரலாம். நல்ல ஆசைதான். ஆனால், வேறு காரில் கழற்றியதை அப்படியே மாட்டக்கூடாது. அது அந்தக் காரின் எடைக்கும் டயருக்கும் கணக்கிட்டுச் செய்தது. வண்டி மாறினால் கணக்கும் மாறும். நிபுணர் பார்த்துச் சரிசெய்யவேண்டும். ஆளில்லாத மைதானத்தில் சோதிக்கவேண்டும்.

எந்த பிரேக் இருந்தாலும் இறக்கத்தில் வேகத்தைக் குறையுங்கள். பத்திரமாக வீடு திரும்புவதே பெருமை!