ஜெயிச்சாலும் வீட்டுக்குப் போ!

ஜெர்மனியில் 2025 பிப்ரவரித் தேர்தலில் 299 தொகுதிகள். அதில் முதலிடம் பிடித்த 23 பேருக்கு நாடாளுமன்றத்தில் நாற்காலி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. இந்தக் கூத்துக்குப் பெயர் சீர்திருத்தமாம். 'அட, அதெல்லாம் முப்பது சதவீதம் வாங்கின கேஸுங்க, அதுவும் ஒரு வெற்றியா?' என்று சப்பைக்கட்டு கட்டுகிறார்கள் பாருங்க, அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

பெர்லினில் ஒரு தொகுதி இருக்கு. ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் - க்ராய்ஸ்பெர்க் - ப்ரென்ஸ்லவர் பெர்க் கிழக்கு. (மூச்சு வாங்கிக்குங்க.) க்ராய்ஸ்பெர்க் பழைய மேற்கு பெர்லின், மத்த ரெண்டும் பழைய கிழக்கு. 2002ல் மொத்தத் தொகுதிகளை 328லிருந்து 299ஆகக் குறைத்தபோது ஒட்டுப்போட்டு உருவாக்கியது.

அங்கே ஆளுக்கு ரெண்டு ஓட்டு. முதல் ஓட்டு தொகுதி வேட்பாளருக்கு, ரெண்டாவது கட்சிப் பட்டியலுக்கு. பட்டியலில் யார் எத்தனையாவது என்பது கட்சி வைத்த சட்டம். அதாவது, கட்சி ஒதுக்கிய ஆளை மக்கள் உள்ளே கொண்டுவர முதல் ஓட்டை விட்டா வேற வழி கிடையாது.

ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஷ்ட்ரோபெலே அப்படி ஒதுக்கப்பட்டவர். பசுமைக் கட்சிக்காரர். கட்சி ஆட்சியில் இருக்கும்போதே 1999ல் கொசோவோ போரை எதிர்த்தார். 2001 நவம்பரில் ஆஃப்கானிஸ்தானுக்குப் படை அனுப்புவதோடு சேர்த்து ஷ்ரோடர் நம்பிக்கை வாக்கு கேட்டார். தேவை 334, கிடைத்தது 336. எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு பசுமைக்காரர்களில் ஷ்ட்ரோபெலேயும் ஒருத்தர். அடுத்த தேர்தலில் பட்டியலில் ஜெயிக்கிற இடம் அவருக்குக் கிடைக்கலை.

மனுஷன் சைக்கிளை எடுத்துக்கிட்டு தொகுதிக்குள்ள இறங்கிட்டார். ஷ்ட்ரோபெலேவுக்கு ஓட்டுப் போடுவது ஃபிஷரைப் படுத்தி எடுப்பது - இதான் பிரசார கோஷம்! ஃபிஷர் யாரு? அவரோட சொந்தக் கட்சியின் வெளியுறவு அமைச்சர். :-)

ஜெயிச்சார். பசுமைக் கட்சி நேரடியாக வென்ற முதல் தொகுதி அதுதான். 2021 வரைக்கும் அவங்களுக்கு இருந்த ஒரே தொகுதியும் அதுதான். 2005ல் 43 சதவீதம், 2009ல் கிட்டத்தட்ட 47, 2013ல் 40ஐ ஒட்டி. 2017ல் அவர் ஒதுங்கியதும் ஜனான் பாய்ராம் தக்கவைத்தார். 2025ல் இடதுசாரிக் கட்சியின் பாஸ்கல் மைஸர் தட்டிட்டுப் போயிட்டார்.

சரி, 2002ல் ஷ்ட்ரோபெலே வாங்கினது எவ்வளவு? 31 சதவீதமும் சொச்சமும். அப்ப அது வெற்றியாம், சரித்திரமாம். 2025ல் ஆக்ஸ்பர்க் நகரத் தொகுதியில் சிஎஸ்யு கட்சியின் ஃபோல்கர் உல்ரிக் வாங்கினதும் 31 சொச்சம்தான். 2013லிருந்து தொடர்ந்து ஜெயிச்ச ஆள். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. (சிஎஸ்யு அரசியல் எனக்குச் சுத்தமா ஆகாது, அது வேற கதை.)

காரணம் என்ன? பவேரியாவின் 47 தொகுதிகளையும் சிஎஸ்யு வாரிடுச்சு. ரெண்டாவது ஓட்டுக் கணக்குப்படி 44 இடம்தான். சதவீதத்தில் கடைசி மூணு பேருக்குக் கல்தா. ஆக்ஸ்பர்க்காரன் போட்ட ஓட்டு செல்லுமா செல்லாதான்னு பக்கத்து ஊர்க்காரன் போட்ட ஓட்டு முடிவு பண்ணுது!

புதுச் சட்டத்திலும் ஷ்ட்ரோபெலே உள்ளே வந்திருப்பாரே என்பீங்க. வந்திருப்பார். ஏன்னா பெர்லினில் பசுமைக் கட்சிக்கு வேற தொகுதி கிடைக்கலை, அவருக்கு இடம் காலியா இருந்தது. இதுல க்ராய்ஸ்பெர்க் ஜனங்களோட விருப்பத்துக்கு என்ன மரியாதை?

2021ல் உறுப்பினர் எண்ணிக்கை 736ஆக வீங்கினது உண்மைதான், 630க்குள் அடக்கணும்னு நினைச்சதும் நியாயம்தான். 2024 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றமும் இந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டிடுச்சு. ஆனா 2023 மார்ச்சில் இதை நிறைவேற்றிய கூட்டணியில் பசுமைக் கட்சியும் இருந்ததே, அதைத்தான் ஜீரணிக்க முடியலை. ஷ்ட்ரோபெலே இறந்து ஒரு வருஷம்கூட ஆகலை.

வீக்கம் குறையணுமா, தொகுதிகளைக் குறைங்க. ஒவ்வொரு தொகுதியும் பெருசாகும், எம்பிக்கு அலைச்சல் கூடும், அலையட்டுமே. 2002ல் 29 தொகுதியைக் குறைச்சப்ப வானமா இடிஞ்சு விழுந்தது? இந்தத் தொகுதியே அப்பப் பொறந்ததுதான்.