துப்பாக்கி சாலை போடாது

நம் திருவனந்தபுரத்தின் கரமனை–களியிக்காவிளை சாலையை அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. நெரிசலில் பஸ் நின்றால் போதும், "பத்து வருஷம் மிலிட்டரி ஆட்சி வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார். பக்கத்து சீட்டுக்காரரும் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல்தான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது.

துப்பாக்கி ஆட்சியில் தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கரமனையாறு போய்ச் சேரும் இதே கடலில், சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மாலத்தீவு. அந்நாட்டவர் சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு வந்து தங்கும் ஊர் நம்முடையது. 1988 நவம்பர் 3 அதிகாலை, லுத்தூஃபி என்ற மாலத்தீவு வணிகருக்காக ஆட்சியைக் கவிழ்க்க, இலங்கையின் தமிழ் ஆயுதக் குழுவான புளொட் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 80 பேர் ஆயுதங்களோடு மாலேயில் இறங்கினார்கள். அன்றிரவே இந்தியப் பாராசூட் படை ஹுலுலே விமான நிலையத்தில் இறங்கிக் கவிழ்ப்பை முறியடித்தது. இனத்தின் விடுதலைக்கென்று துப்பாக்கி தூக்கியவர்கள் அடுத்த நாட்டுப் பதவிச் சண்டைக்குக் கூலிப்படையாகப் போனார்களே! தமிழர் நாம் தலைகுனிய வேண்டிய செய்தி அது.

நம் படை செய்தது சரி. பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 1978-ல் மாலத்தீவு அதிபர் பதவிக்கு வந்த கயூம் 2008 வரை அசையவில்லை. 2005 வரை கட்சிகளுக்கு அனுமதி கிடையாது. வாக்குச்சீட்டில் ஒரே பெயர். வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். தோற்றுப்போன கவிழ்ப்பும், நாற்காலியில் இருப்பவர் கையில் 'பாதுகாப்பு' என்ற சாக்கைக் கொடுத்துவிட்டே போகிறது.

2008-ல் பல கட்சித் தேர்தலில் வென்று அதிபரான நஷீத், 2012 பிப்ரவரி 7 அன்று, போலீசாரும் ராணுவத்தில் ஒரு பகுதியினரும் கலகத்தில் இறங்கிய நிலையில் பதவி விலகினார். துப்பாக்கி முனையில் விலகியதாக அவர் சொன்னார். கவிழ்ப்பு நடக்கவில்லை என்றது விசாரணை ஆணையம். எப்படியானாலும், மக்கள் கொடுத்த ஐந்தாண்டை முடித்துவைத்தது வாக்குச்சாவடி அல்ல.

நம் சாலைக்கு வருவோம். இடம் இழக்கும் கடைக்காரர் இன்று இழப்பீடு போதாதென்று கோர்ட்டுக்குப் போகலாம், எம்.எல்.ஏ.வை வழிமறித்துக் கேட்கலாம். சீருடைக்காரர்கள் ஆளும் ஊரில் அவர் யாரிடம் போவார்? தாமதத்தால் வரும் கோபம் நியாயமானது. அதை அரசின் பக்கம் திருப்புவோம். மீதி வேலை எந்தத் தேதியில் முடியும், ஏன் இத்தனை நாள் தாமதம் என்பதை அரசு எழுத்தில் சொல்ல வேண்டும்.