கையெழுத்துக்கு உரியவர் யார்?

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருப்பதை நாடறியும். முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி இருப்பதையும் அறியும். அங்கிருந்து இறங்கும் இராணுவ லாரியைச் சோதித்து, 'போகலாம்' என்று கையெழுத்திடும் பட்டறை மேற்பார்வையாளரை எவர் அறிவார்?

குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டிப் பாதையிலோ 36! இறக்கம் முழுதும் மிதித்தே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பிழக்கும். சமவெளியில் இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என விடும் லைனிங்கை இங்கே அன்றே கழற்றியாக வேண்டும். வண்டிக்கடியில் படுத்து வளர்ந்த மெக்கானிக்குக் கைபட்டதுமே இது தெரியும்.

இ.எம்.இ. படைப்பிரிவு 1943-இல் தோன்றியது. அதன் பட்டறைகளில் சீருடையினரோடு சிவிலியன் தொழிலாளரும் உழைக்கின்றனர். கைத்திறனால் உயர்ந்து சார்ஜ்மேன் ஆவோரும் உண்டு. டிப்ளமோவுடன் நேரே வந்து அமர்வோரும் உண்டு. படிப்பை நாம் பழிப்பவரல்லர். முதல் ஓராண்டு ஸ்பானர் பிடித்துவிட்டுப் பேனா பிடிக்கட்டும் என்கிறோம், அவ்வளவே!

அதனினும் பெரிது ஒன்றுண்டு. "அவசரம், வண்டியை விடு" என்று தோளில் நட்சத்திரம் மின்னும் அதிகாரி அதட்டினால், சம்பளக்காரச் சார்ஜ்மேன் என்ன செய்வார்? மறுக்கும் உரிமை இல்லாத மேற்பார்வை வெறும் முத்திரைக் கட்டை. அவர் நிறுத்திய வண்டியை எடுக்கச் சொல்பவர் எழுத்தில் ஆணையிடட்டும். பதிவேட்டில் அவர் பெயரும் ஏறட்டும்.