கடலடிக் காடும் முள்ளெலியும்

கலிபோர்னியாவின் வடகரையிலே, கடலுக்கடியில் கெல்ப் எனப்படும் பெரும்பாசிக் காடு அழிந்துகிடக்கிறது. 2013ஆம் ஆண்டிற் பரவிய நோய் சூரியகாந்தி நட்சத்திரமீன்களை ஏறக்குறைய முற்றாக மாய்த்தது. 2014 முதல் 2016 வரை கடல் வழமைக்கு மாறாக வெப்பமுற்றுப் பாசி நலிந்தது. பகை ஒழிந்த ஊதா முள்ளெலிகள் பெருகி எஞ்சியதை மேய்ந்தன. 90 வீதத்துக்கும் மேற்பட்ட காடு மறைந்தது. பாசியுண்டு வாழ்ந்த அபலோனிகள் பட்டினியால் மாண்டமையின், 2018இல் அவற்றைப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டது.

முள்ளெலியின் சினையே விலைபெறும் பொருள். வெறும்பாறையிற் பட்டினி கிடப்பனவற்றில் அது இல்லை. ஆயினும் அவை பல்லாண்டு சாவதுமில்லை. ஆதலால் சுழியோடிகள் அவற்றைப் பொறுக்கிவந்து, தொட்டிகளிலே சில வாரங்கள் தீனியிட்டுக் கொழுக்கவைத்து விற்கும் முயற்சி தோன்றியுள்ளது. மீனவருக்கு வருவாய், பாசிக்கு வாழ்வு என்பது நோக்கம்.

நல்ல வழிதான். எனினும், களையை விற்றுப் பிழைப்பவன் களை ஒழிவதை விரும்புவானா? காடு மீண்டால் முள்ளெலி குறையும், எஞ்சியவை தாமே கொழுக்கும், தொட்டிக்கு வேலையிராது. ஆகவே எத்தனை பிடித்தோம் என்பதன்று, பாறையில் எத்தனை எஞ்சின என்பதே இம்முயற்சியின் அளவுகோலாதல் வேண்டும். நட்சத்திரமீன் திரும்பும்வரை அதன் பணியையே மனிதன் செய்கிறான் என்பதை வாணிபம் மறத்தலாகாது.